சட்டைப்பை கேமராவில் தோட்டத்தைப் படம் பிடிக்க: முதல் நாள் இரவிலிருந்து மறுநாள் இரவு வரை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பலரிடம் இப்போது ஒரு குட்டி கேமரா இருக்கிறது. கைக்குள் அடங்கும் அளவு, நுனியில் ஆடிக்கொண்டே படத்தை நிலையாகப் பிடிக்கும் கிம்பல், பின்னால் சின்னத் திரை. வாங்கிய வாரம் எல்லாரும் ஆர்வமாக எடுக்கிறார்கள். மூன்றாவது மாதம் பார்த்தால் அலமாரியில் கிடக்கிறது. கேட்டால், "எடுத்தேன் அண்ணா, ஆனா ஒண்ணும் சரியா வரல" என்பார்கள்.

நான் அந்தக் கிளிப்புகளை வாங்கிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கோளாறு படம் பிடித்த நேரத்தில் நடந்திருக்காது. பொத்தானை அழுத்துவதற்கு முன்போ, நிறுத்திய பிறகோ நடந்திருக்கும். அதனால், ரப்பர், செம்பனைத் தோட்டத்து வாழ்க்கையைப் படம் பிடிப்பதற்கான இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். ஒரு படியைத் தாண்டிப் போனால் அடுத்த படி உதவாது.

1. வாங்கிய அன்றே, வீட்டிலேயே

முதலில் கேமராவை முழுதாகச் சார்ஜ் செய்து, கைப்பேசிச் செயலியோடு இணையுங்கள். சில கேமராக்களை முதன்முறை செயலி வழியாகப் பதிவு செய்து திறக்க வேண்டும். அதற்கு இணையம் வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் லைன் கிடைக்காது. அங்கே போய்ப் பெட்டியைப் பிரித்தால் அன்றைய நாள் போச்சு.

அடுத்து தேதியும் நேரமும். இதைப் பெரிதாக யாரும் நினைப்பதில்லை. பத்து வருடம் கழித்து, "இது தாத்தா இருந்தப்போ எடுத்ததா, அப்புறம் எடுத்ததா?" என்று வீட்டில் பேச்சு வரும். கோப்பில் பதிந்த தேதிதான் பதில் சொல்லும். சில கேமராக்களில் பேட்டரி முழுதாக வற்றினால் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். மாதம் ஒரு முறை பாருங்கள்.

கிம்பல் உள்ள கேமராவானால், மேசைமேல் சமமாக வைத்து மெனுவில் உள்ள சீரமைப்பை ஒரு முறை ஓட்டுங்கள். அடிவானம் சாய்ந்து வருகிறது என்று புலம்புகிறவர்கள் பலருக்கு இந்த ஒரு வேலை போதும். கேமராவை ஆன் செய்யும்போது தலைப்பகுதியை விரலால் பிடிக்காதீர்கள். அது தானாக நிமிர வேண்டும். தடுத்தால் மோட்டார் திணறும்.

2. மெமரி கார்டு

நல்ல கேமரா வாங்கிவிட்டு, மலிவான கார்டில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கார்டின்மேல் வி30 அல்லது யு3 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் வேகத்தில் எழுதும் என்று அதற்கு அர்த்தம். வேகம் போதாவிட்டால் கேமரா பாதியில் தானாக நின்றுவிடும். நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள்.

கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு. 128 ஜிபி என்று காட்டும், உள்ளே இருப்பது 16 ஆக இருக்கும். அது நிறைந்த பிறகு எடுத்ததெல்லாம் கெட்டுப்போகும். புதுக் கார்டை ஒரு முறை முழுதாக நிரப்பி, கடைசிக் கிளிப் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள். திருவிழாவுக்கு முதல் நாள் வாங்கிய கார்டை நேராகத் திருவிழாவுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கணக்கும் தெரிந்திருக்கட்டும். வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே (மிக நுணுக்கமான தெளிவு) எடுத்தால், ஒரு நிமிடத்துக்கு 750 மெகாபைட் ஆகும். 64 ஜிபி கார்டு ஏறக்குறைய 85 நிமிடத்தில் நிறைந்துவிடும்.

3. செட்டிங்கை ஒரு முறை வைத்துவிட்டுத் தொடாதீர்கள்

புதியவர்கள் அதிக நேரத்தை இங்கேதான் வீணாக்குகிறார்கள். மூன்றே முடிவுகள் போதும்.

தெளிவு: 1080 வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்தையும் மாமாவும் கைப்பேசித் திரையில்தான் பார்க்கப் போகிறார்கள். பிறகு வெட்டிப் பெரிதாக்க வேண்டிய காட்சிக்கு மட்டும் 4கே. பழைய குடும்பப் படச் சட்டம், பத்திரம் போன்றவற்றை எடுக்கும்போது அது உதவும்.

வேகம்: வினாடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்). இதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் வினாடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 30 சட்டத்தில், ஷட்டரை, அதாவது ஒவ்வொரு சட்டமும் ஒளி வாங்கும் நேரத்தை, கேமராவின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், மண்டபத்தில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஊர்ந்துகொண்டே இருக்கும். மெனுவில் ஒளிநடுக்கத் தடுப்பு இருந்தால் 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். நண்பரின் கைப்பேசிப் படத்தோடு சேர்க்க 30 சட்டம்தான் வேண்டும் என்றால், ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு வினாடியில் நிறுத்துங்கள். பட்டை வராது.

ஜூம்: தொடவே வேண்டாம். இந்த அளவுக் கேமராக்களில் ஜூம் என்பது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். பெரிதாகத் தெரிய வேண்டுமா, இரண்டடி முன்னால் போங்கள்.

4. முதல் நாள் இரவு

பேட்டரியையும் பவர் பேங்க்கையும் சார்ஜில் போடுங்கள். கார்டில் இடம் இருக்கிறதா பாருங்கள். லென்ஸ் துடைக்கும் துணியை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். சட்டை நுனியால் லென்ஸைத் துடைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தோட்டத்துச் செம்மண் தூசி கண்ணாடியில் கீறல் போடும். முதலில் ஊதித் தூசியை நீக்கி, பிறகுதான் துடைக்க வேண்டும்.

அப்புறம், அனுமதி. தோட்டம் தனியார் நிலம். நீங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், பள்ளியும் கோயிலும் உள்ளே இருந்தாலும், வேலை நடக்கும் இடத்தைப் படம் எடுக்க ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காலை ஆறு மணிக்குக் கேட்டில் நின்று காவலாளியிடம் விளக்கம் சொல்வதில் நல்ல வெளிச்சம் போய்விடும்.

வேலை செய்கிறவர்களிடமும் தனியாகக் கேளுங்கள். இப்போது பல தோட்டங்களில் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள்தான் வேலை செய்கிறார்கள். கேமராவைக் கண்டால் அவர்களுக்குப் பயம் வருவது இயல்பு. முகம் வேண்டாம் என்றால் கைகளை மட்டும் எடுக்கலாம். பிள்ளைகள் வரும் படத்தைப் பெற்றோரிடம் கேட்காமல் எங்கும் போடாதீர்கள்.

கடைசியாக, ஒரு தாளில் ஐந்து காட்சி எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். என் பட்டியலில் பெரட்டுக் களம் என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம், ஆயக்கொட்டகை என்பது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். "பெரட்டுக் களம், பாட்டியின் அடுப்படி, ஆயக்கொட்டகை இருந்த இடம், கோயில் மணி, பள்ளிக்கூடப் படிக்கட்டு." பட்டியல் இல்லாமல் போனவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, நடந்துகொண்டே எடுத்த நாற்பது நிமிடக் காட்சியோடு திரும்புகிறார்கள். அதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

5. காலையில், முதல் கால் மணி நேரம்

ஏர்கோன் அறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும். நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். துடைத்தால் மறுபடி படியும், கறையும் பிடிக்கும். புறப்படும்போதே பையின் வாயைக் கட்டி, ஏர்கோன் படாத இடத்தில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் பைக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அதுவரை ஒரு தே தாரே குடித்துவிட்டு இடத்தைச் சுற்றிப் பாருங்கள்.

பால்மர (ரப்பர்) காட்டில் எடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. மரம் சீவுவது விடியும் வேளையில். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் அவர்கள் நமக்காகக் காத்திருக்க முடியாது. நம் பக்கம் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் வரும், மரத்தடியில் அதற்கும் பிறகுதான் வெளிச்சம். சின்ன கேமராவுக்கு இருட்டு பகை. படம் புள்ளி புள்ளியாக வரும். தலைவிளக்கு கட்டியவரின் நேர் எதிரே நின்றால் வெறும் வெள்ளை வட்டம்தான் கிடைக்கும். பக்கவாட்டில் நின்று, அந்த விளக்கு மரப்பட்டையில் விழும் இடத்தை எடுங்கள். அவருடைய விளக்கே உங்களுக்கும் விளக்கு.

உளி பட்டையை வழித்துக்கொண்டு இறங்குவதை ஒரு முறை அருகே போய் எடுத்துப் பாருங்கள். சுருள் கீழே விழும். கோடு ஒரு கணம் காய்ந்தே இருக்கும். பிறகு வெள்ளை முத்துகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோட்டில் வழிந்து, தகட்டு நுனியில் தொங்கி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் சொட்டும். இதை எடுக்க உங்களுக்குத் தேவை ஒரு முழ தூரமும் அசையாத கையும்தான். வேலை செய்கிறவரின் முழங்கை போகும் வழியில் மட்டும் நிற்காதீர்கள்.

6. பிடிக்கும் முறை

பொத்தானை அழுத்துங்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள், நிறுத்துங்கள். முதல் மாதம் முழுக்க இது மட்டும் செய்யுங்கள். கேமராவை இடமிருந்து வலம் வீசவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம். சட்டத்துக்குள் ஆள் நடக்கட்டும், நீங்கள் நில்லுங்கள். ஏன் பத்து? எல்லாரும் மூன்று வினாடியில் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு தொகுக்கும்போது தொடக்கத்து அசைவையும் முடிவு அசைவையும் வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது.

பதிவு ஓடுகிறதா என்று திரையில் சிவப்புப் புள்ளியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் அழுத்தியதாக நினைத்து அழுத்தாமலும், நிறுத்த வேண்டிய நேரத்தில் தொடங்கியும், பையின் உள்பக்கத்தை இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு வந்த தம்பிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நடந்தே ஆக வேண்டும் என்றால் முழங்காலைச் சற்று மடக்கி, குதிகால் முதலில் பட மெதுவாக நடங்கள். கிம்பல் கை நடுக்கத்தைச் சரிசெய்யும். அடி வைக்கும்போது உடம்பு மேலும் கீழும் ஏறி இறங்குவதை அதனால் சரிசெய்ய முடியாது.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று தூரம் எடுங்கள். முழு இடம், ஆள், கை. லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) வரிசை முழுதும் ஒன்று, வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒன்று, வெற்றிலை மடிக்கும் விரல்கள் ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் மனதில் நிற்பது அதுதான்.

வாசலில் உட்கார்ந்தவரை வீட்டுக்குள்ளிருந்து எடுத்தால் முகம் கரியாகத்தான் தெரியும். பின்னால் உள்ள வெயிலுக்கு ஏற்ப கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் வெளியே வந்து எடுங்கள், அல்லது திரையில் அவர் முகத்தைத் தொட்டு வெளிச்ச அளவை அங்கே பூட்டுங்கள். வானம் வெளுத்துப் போனால் போகட்டும்.

7. ஒலி: இங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது

என் பாட்டி தாலாட்டுப் பாடுவார். இன்னொருவரிடம் கேட்டிராத வரிகள். ஒரு மத்தியானம் கூடத்தில் உட்காரவைத்து எடுத்தேன். "ஏன்டா கண்ணு, இந்தச் சுண்டைக்காய்ப் பெட்டிக்குள்ளயா நான் தெரிவேன்?" என்று சிரித்துவிட்டு, பதினோரு நிமிடம் பாடினார். படம் அருமையாக இருந்தது. இரவு போட்டுப் பார்த்தால், தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியின் சத்தம்தான் முன்னால் நிற்கிறது. பாட்டியின் குரல் எங்கோ அடியில் கேட்கிறது. மறுபடி எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அவர் இல்லை. அந்தக் கிளிப்பை இன்னும் வைத்திருக்கிறேன். வரிகளில் பாதிகூட எனக்குப் பிடிபடவில்லை.

அதனால் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம்தான் எல்லாம். தூரம் இரட்டித்தால் குரல் அழுத்தம் பாதியாகும். காற்றாடிச் சத்தமோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஆகவே மூன்றடி தள்ளி நின்றால் குரல் தோற்கும், ஒரு முழத்துக்குள் வந்தால் ஜெயிக்கும். கேமராவையே அருகில் கொண்டுபோங்கள். உடையில் செருகும் கம்பியில்லா மைக் இருந்தால் மோவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். சேலை கட்டியவர்களுக்கு மாட்டும்போது தாலிக்கொடியும் சங்கிலியும் மைக்கில் உரசாமல் பாருங்கள். டிக் டிக் என்று கடைசிவரை கேட்கும். பிறகு நீக்கவே முடியாது.

தொடங்குமுன் கண்ணை மூடிப் பத்து வினாடி கேளுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். டிவியை நிறுத்துங்கள். ஐஸ்பெட்டி உறுமினால் அதையும் நிறுத்தி, உங்கள் மோட்டார்சைக்கிள் சாவியை அதற்குள் வையுங்கள். திரும்ப ஆன் செய்ய மறந்து வீட்டுக்குப் போய்விட முடியாது அல்லவா. காற்றாடி இல்லாமல் பெரியவர்களுக்குப் புழுங்கும். பத்து நிமிடம் எடுத்து, காற்றாடியைப் போட்டு ஓய்வு கொடுத்து, மறுபடி எடுங்கள்.

பேட்டிக்குக் காலை நேரம்தான் சரி. பிற்பகலில் மழை பிடித்தால் தகரக் கூரை வீட்டில் ஒரு சொல்லும் கேட்காது.

வெளியில் காற்று அடித்தால் மைக் துளைமேல் பஞ்சுறை போடுங்கள். சில கேமராக்களோடு பெட்டியிலேயே வரும். இல்லையென்றால் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், உங்கள் உடம்பே தடுப்பு.

ஒரு நிமிடம் சோதனையாக எடுத்து, காதுக்கருவி போட்டுக் கேட்ட பிறகே முழுதாகத் தொடங்குங்கள். சின்ன ஸ்பீக்கரில் கேட்டு "ஓகே" சொல்லாதீர்கள். காற்றாடி இரைச்சல் அதில் தெரியாது. எனக்கு அன்று தெரியவில்லை.

8. கோயில் திருவிழா

உறுமி மேளத்துக்கு அருகில் நின்றால் ஒலி உடைந்து கரகரவென்று பதியும். உடைந்ததைப் பிறகு சரிசெய்ய வழியில்லை. மெனுவில் மைக் அளவைக் குறைத்து வையுங்கள், அல்லது முப்பதடி தள்ளிப் பக்கவாட்டில் நில்லுங்கள். முடிந்ததும் அளவைப் பழையபடி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து எடுக்கும் பேச்சு கேட்காது.

தீபாராதனையின்போது கேமரா தானாகத் தடுமாறும். தட்டு மேலே வந்தால் படம் இருளும், இறங்கினால் வெளுக்கும். திரை விலகிய உடனே அம்மன் முகத்தில் வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டால், சுடர் மட்டும் வெளுத்து, முகம் அப்படியே நிற்கும். மூலஸ்தானத்தைப் படம் எடுக்கலாமா என்று பூசாரியிடம் முன்பே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கும்பிடும் கைகளை எடுக்கலாம்.

விபூதி, குங்குமம், சாம்பிராணிப் புகை, மஞ்சள் நீர். நான்கும் கேமராவுக்கு ஆகாதவை. கிம்பல் உள்ள கேமராக்கள் பொதுவாகத் தண்ணீர் தாங்காது. மஞ்சள் நீராட்டு தொடங்கியதும் பைக்குள் போட்டுவிடுங்கள். காவடி எடுப்பவர் அருள் வந்து ஆடும்போது முன்னால் போய் வழியை மறிக்காதீர்கள். பக்கத்தில் வரும் உறவுக்காரர்களின் முகங்களைப் பாருங்கள், நல்ல காட்சிகள் அங்கேயும் இருக்கின்றன.

மத்தியானம் சாப்பிடப் போகும்போது கேமராவைக் காரில் விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரி உப்பும்.

9. அன்று இரவே, தூங்குமுன்

"நாளைக்கு ஏத்திக்கலாம்" என்று சொன்னவர்களின் கார்டுதான் தொலைகிறது, அல்லது தம்பி அதை எடுத்துப் பாட்டு ஏற்றிவிடுகிறான். அன்றிரவே மடிக்கணினியில் ஒரு பிரதி, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி. முடிந்தால் மூன்றாவது பிரதி வேறு வீட்டில், வேறு ஊரில் இருக்கும் அக்காவிடம்.

நீளமான பதிவு இரண்டு மூன்று கோப்புகளாகப் பிரிந்து கிடந்தால் பயப்பட வேண்டாம். பல கேமராக்கள் 4 ஜிபிக்கு ஒரு முறை புதுக் கோப்பு தொடங்கும். எல்லாவற்றையும் சேர்த்து நகலெடுங்கள். முதல் துண்டை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அழித்தவர்களும் உண்டு.

கோப்புறைப் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், பிறகு இடம், ஆள். "2025-03-16 பழைய லயம் பெரியம்மா" போல. இப்படி எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும்.

குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் அது படத்தை நசுக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதையே பிரதி என்று நினைத்து மூலத்தை அழிக்காதீர்கள்.

இரண்டு பிரதியிலும் கடைசிக் கிளிப்பைத் திறந்து பாருங்கள். ஓடுகிறதா? சரி, இப்போது கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யலாம். கணினியில் ஒவ்வொன்றாக அழிப்பதைவிட இதுதான் நல்லது. கேமரா தனக்குத் தேவையான அமைப்பைத் தானே போட்டுக்கொள்ளும்.

லென்ஸைத் துடைத்து, மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கேமராவை வையுங்கள். திறந்த அலமாரியில் வைத்தால் நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

10. அந்த வாரத்துக்குள்

படத்தில் வருகிறவர்களிடமே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். "அந்தத் தூணுக்குப் பக்கத்துல நிக்கிறது யாரு பெரியம்மா?" என்று கேட்டு, எத்தனையாவது நிமிடம், யார், யாருடைய மகள், எந்த வரிசை வீடு என்று எழுதுங்கள். பெரியம்மா படத்தை நிறுத்தச் சொல்வார், அவர் சொல்லி முடிக்கும்வரை நிறுத்தி வையுங்கள். அந்த நேரத்தில் கேமராவும் ஓடட்டும், ஆனால் முதலில் காற்றாடியை நிறுத்துங்கள்.